அரியர்ஸ் இல்லாத மாற்றங்கள்

நான் அக்கவுண்ட்ஸ்ல வேலை பாக்குறேன், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. சம்பள உயர்வு லேட்டா வந்தா என்ன பண்ணுவோம்னா, ஆர்டர்ல எந்த தேதியிலேர்ந்து அமல்னு இருக்கோ அன்னையிலேர்ந்து மாசாமாசம் எவ்ளோ வித்தியாசம்னு கணக்கு போட்டு மொத்தமா அரியர்ஸ் கொடுத்துடுவோம். நடுவுல ரிட்டயர் ஆனவங்களையும் தேடிப் பிடிச்சு கொடுப்போம், இறந்துபோயிருந்தா வாரிசுக்குப் போகும். லேட் ஆனது அவங்க தப்பு இல்ல, அப்போ நஷ்டம் மட்டும் ஏன் அவங்க தலையில விழணும், அவ்ளோதான் இதுல இருக்கற நியாயம். ரொம்ப சாதாரண வேலை. ஆனா கொஞ்ச நாளா இது மனசைப் போட்டு அரிச்சுக்கிட்டே இருக்கு. சம்பளத்துக்கு இருக்கற இந்த நியாயம் வேற எதுக்கும் ஏன் இல்ல?

சுவிட்சர்லாந்துல பெண்களுக்கு தேசிய அளவுல ஓட்டுரிமை 1971லதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி 1959ல ஒரு வாக்கெடுப்பு வச்சாங்க, ஓட்டு போட்டது முழுக்க ஆம்பளைங்க, மூணுல ரெண்டு பங்கு பேர் வேண்டாம்னு போட்டுட்டாங்க. அப்பன்செல் இன்னர்ரோடன்னு அங்க ஒரு சின்ன மாநிலம், அந்த மாநில விவகாரங்கள்ல பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைக்க 1990 வரைக்கும் ஆச்சு, அதுவும் கோர்ட் சொன்னதுக்கு அப்புறம்தான். 1971ல எல்லாரும் சந்தோஷப்பட்டிருப்பாங்க, படவேண்டியதுதான். ஆனா 1970ல எண்பது வயசுல செத்துப்போன ஒரு பாட்டி இருந்திருப்பாங்கல்ல, வரி கட்டி, புள்ளைங்களை வளர்த்து, யார் ஆளணும்னு ஒரு தடவைகூட சொல்ல முடியாமப் போனவங்க, அவங்க கணக்கு எந்த ரிஜிஸ்டர்ல இருக்கு? மாற்றம் வந்த தேதியைத்தான் நாம எழுதி வச்சுக்கிறோம், வந்திருக்க வேண்டிய தேதியை யாரும் எழுதறதில்ல.

இதைவிட என்னை உலுக்கினது பிரிட்டன் கதை. அவங்க காலனிகள்ல அடிமை முறையை ஒழிக்க 1833ல சட்டம் போட்டாங்க. அதுல நஷ்டஈடு இருந்துச்சு, 2 கோடி பவுண்டு, அப்போ அரசாங்கத்தோட ஒரு வருஷச் செலவுல கிட்டத்தட்ட 40 சதவீதம். கொடுத்தது யாருக்கு? அடிமைகளை வச்சிருந்த முதலாளிகளுக்கு, சொத்து போயிடுச்சேன்னு. அடிமையா இருந்தவங்களுக்கு காலணா இல்ல, அதுக்கு மேல தொழில் பழகுறவங்கன்னு ஒரு பேர் வச்சு பெரும்பாலானவங்களை 1838 வரைக்கும் அதே முதலாளிகிட்ட சம்பளம் இல்லாம வேலை வாங்கினாங்க. அந்த நஷ்டஈடு கொடுக்க அரசாங்கம் வாங்கின கடனோட கடைசி பாக்கி தீர்ந்தது 2015ல. 2015ல நான் ஆபீஸ்ல உக்காந்து வவுச்சர் பாஸ் பண்ணிட்டு இருந்தேன், அந்த வருஷம் வரைக்கும் அந்த நாட்டுல வரி கட்டினவங்க பணம் அதுக்குப் போயிருக்கு, கட்டினவங்கள்ல அந்த அடிமைகளோட வம்சத்துல வந்தவங்களும் இருந்தாங்க. படிச்சிட்டு அன்னிக்கு ராத்திரி சரியா தூக்கமே வரல. ஒரு கடனை இவ்ளோ ஒழுங்கா, நூத்தி எண்பது வருஷம் மறக்காம வச்சிருந்து அடைக்க முடியுதுன்னா, இன்னொரு கடன் அடையாம நிக்குறது முடியாமப் போனதால இல்ல.

கொடுத்த கதையும் உண்டு. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அமெரிக்கா, ஜப்பானிய வம்சாவளிங்கற ஒரே காரணத்துக்காக ஏறக்குறைய 1,20,000 பேரை வீட்டை விட்டுக் கிளப்பி முகாம்ல அடைச்சு வச்சுது, அதுல பெரும்பாலானவங்க அமெரிக்கக் குடிமக்களே. 1988ல சட்டம் போட்டு மன்னிப்பு கேட்டு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தாங்க. சட்டம் வந்த அன்னிக்கு உயிரோட இருந்தவங்களுக்கு மட்டும். நாப்பத்தி ஆறு வருஷம் ஆயிடுச்சு, எத்தனை பேர் அதுக்குள்ள போய்ச் சேர்ந்திருப்பாங்க. இருந்தாலும் இது எனக்குப் பெருசாத்தான் தெரியுது, ஏன்னா தப்பு பண்ணினது நாங்கதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க.

இதையெல்லாம் ஏன் தேடித்தேடிப் படிச்சேன்னா, எங்க அக்கா.

அப்பா படுத்த படுக்கையானப்போ அக்கா பத்தாவது முடிச்சிருந்தா, கணக்குல கிளாஸ்லயே அவதான் ஃபர்ஸ்ட். படிப்பை நிறுத்திட்டு தையல் வேலைக்குப் போனா. நான் காலேஜ் போனது அந்தப் பணத்துல. இன்னிக்கு அக்கா பொண்ணு முதுகலை படிக்கிறா. போன மாசம் சொந்தக்காரங்க எல்லாம் கூடியிருந்தப்போ ஒருத்தர், நம்ம குடும்பம் எவ்ளோ மாறிடுச்சு பாரு, பொண்ணுங்களை எங்க வரைக்கும் படிக்க வைக்கிறோம்னார், எல்லாரும் பெருமையா தலையாட்டினோம், நானும்தான். அக்கா பக்கத்துல உக்காந்து சிரிச்சா. அந்தச் சிரிப்பை அப்புறம் என்னால மறக்க முடியல.

இத்தனை வருஷமா நான் ஒண்ணும் செய்யலன்னு இல்ல, அவ வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்தேன், மாமா ஆஸ்பத்திரியில இருந்தப்போ கூடவே நின்னேன். ஆனா எல்லாமே தம்பி பாசமா செஞ்சதாத்தான் போச்சு. நன்றிக்கடன்னு ஒரு வார்த்தை வச்சிருக்கோம், அதுல கடனை மெதுவா விட்டுட்டு நன்றியை மட்டும் கையில வச்சுக்கிறோம். கடன்னா எவ்ளோ, யாருக்கு, எப்போலேர்ந்துன்னு சொல்லணும், கொடுக்கவேண்டியவன் தானா வந்து சொல்லணும், வாங்கவேண்டியவ கேக்குற வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

அதனால போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணி நேராவே சொன்னேன். அக்கா, நீ விட்ட படிப்பைத்தான் நான் படிச்சேன், இதை ஒருநாளும் உன்கிட்ட சொன்னதே இல்ல, தப்பு என்னோடதுன்னு. "இப்ப எதுக்குடா அதெல்லாம்"னா. அப்புறம் ரொம்ப நேரம் பேச்சே இல்ல, லைன் கட்டாயிடுச்சோன்னு பார்த்தேன். அப்புறம் கேட்டா, "ஏன்டா, பன்னெண்டாவது பிரைவேட்டா எழுதறதுக்கு வயசு எதுவும் இருக்கா?"

விசாரிச்சு சொல்றேன்னேன். நாளைக்கு அரை நாள் லீவு போட்டிருக்கேன். அவளோட பத்தாவது மார்க்‌ஷீட் அம்மாவோட பழைய டிரங்குப் பெட்டியிலதான் இருக்கணும், முதல்ல அதைத் தேடணும்.