எடுத்து வைக்கச் சொன்ன கவிதைகள்

அக்டோபர் 4, 2025

கரோலினா மரியா டி ஜெசுஸின் நாட்குறிப்பை ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். பிரேசிலின் சாவோ பாலோ நகரில், தியெதே ஆற்றையொட்டி இருந்த கனிண்டே குடிசைப் பகுதியில், பழைய தாளும் இரும்பும் பொறுக்கி விற்று மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்த கறுப்பினப் பெண் அவர். பள்ளிக்கூடம் போனது இரண்டு ஆண்டுகள்தான். குப்பையில் கிடைத்த நோட்டுகளில் எழுதாத பக்கங்களைத் தேடி எழுதினார்.

முதல் குறிப்பு 1955 ஜூலை 15 தேதியிட்டது. அன்று மகள் வேராவின் பிறந்தநாள். காலணி வாங்கித் தர நினைத்தவருக்குக் கையில் காசில்லை. குப்பையில் அகப்பட்ட ஒரு ஜோடியைக் கழுவி, கிழிசலைச் சரிசெய்து மகளுக்கு மாட்டிவிடுகிறார். விலைவாசியைப் பற்றி வருத்தமாக ஒரு பேச்சு, அதோடு அன்றாட வேலைக்குப் போய்விடுகிறார். வேறொருவராக இருந்தால் இந்த இடத்தில் இரண்டு பக்கம் அழவைத்திருப்பார்.

அக்டோபர் 7

பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்பது, தாள் பொறுக்குவது, விற்ற காசில் என்ன வாங்கலாம் என்று கணக்குப் பார்ப்பது என்று நாளுக்கு நாள் ஒரே காரியம் திரும்பத் திரும்ப வருகிறது. அலுப்பாக இருக்கிறது என்று சொல்ல வாய் எடுக்கும்போதே, அந்த அலுப்பை அனுபவித்தவர் அவர், நான் வெறும் வாசகன் என்பது உறைக்கிறது. பசிக்கு நிறம் மஞ்சள் என்கிறார். பட்டினியில் வானம், மரம், பறவை எல்லாம் மஞ்சளாகத் தெரிந்ததாகவும், சாப்பிட்ட பிறகு அவை தம் இயல்பான நிறத்துக்குத் திரும்பியதாகவும் எழுதுகிறார். படிப்பறிவு குறைந்த ஒருத்தியின் வெள்ளந்தியான பதிவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. பார்த்ததை உருவகமாக்கத் தெரிந்தவரின் கை இது.

1958 மே 13 குறிப்பையும் சொல்ல வேண்டும். 1888-இல் பிரேசிலில் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட நாள் அது. வெளியே மழை, வீட்டில் ஒன்றுமில்லை. பிள்ளைகள் பசியில் கேட்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்குத்தான் சாப்பாடு. இன்றைய அடிமைத்தனம் பசிதான், அதனோடு அன்று போராடிக்கொண்டிருந்ததாக எழுதி அந்த நாளை முடிக்கிறார்.

அக்டோபர் 8

திருமணம் செய்துகொள்ளக் கேட்ட ஒருவரை மறுத்ததற்குக் காரணம் சொல்கிறார்: வாசிக்காமல் இருக்க முடியாத, எழுதுவதற்காகப் படுக்கையிலிருந்து எழுந்துகொள்கிற, தலையணைக்கடியில் தாளும் பென்சிலும் வைத்துப் படுக்கிற பெண்ணை எந்த ஆணுக்கும் பிடிக்காது. இதைப் புலம்பலாக அவர் சொல்லவில்லை. தன் வாழ்க்கையில் எது முதல், எது பிறகு என்பதில் அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை.

நாடகங்கள் எழுதிச் சர்க்கஸ் முதலாளிகளிடம் காட்டியபோது, நீ கறுப்பாகப் பிறந்துவிட்டாயே, பாவம் என்றார்களாம். மறுபிறவி என்று ஒன்று இருந்தால் கறுப்பாகவே பிறக்க விரும்புவதாக அதே குறிப்பில் எழுதுகிறார். ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகைக்கு அனுப்பிய நோட்டுகள் 1959 ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தன; எழுதுகிறவருக்குக் கன்னத்தில் விழும் அறை அதைவிடப் பெரிதாக வேறில்லை என்கிறார். இதழுக்கு அனுப்பிவிட்டுத் தபால்காரரை எதிர்பார்த்திருந்த யாரும் இந்த இடத்தைச் சட்டென்று கடந்துவிட மாட்டார்கள்.

அக்டோபர் 12

1958-இல் கனிண்டேயைப் பற்றிச் செய்தி எழுத வந்த ஆடாலியோ டான்டாஸ் என்ற பத்திரிகையாளர் இவருடைய நோட்டுகளைப் பார்த்தார். அவர் தேர்ந்தெடுத்துச் சுருக்கிய பகுதிகள் 1960 ஆகஸ்டில் புத்தகமாயின. முதல் அச்சில் வந்த 10,000 படிகளும் சில நாள்களிலேயே தீர்ந்தன. எழுத்துப் பிழைகளைத் திருத்தாமல் அப்படியே விட்டிருந்தார்கள். உண்மைத்தன்மைக்காக என்று சொல்லப்பட்டாலும், படித்த வகுப்பு எழுத்தாளருக்குப் பிழை திருத்துவதும் இவருக்கு மட்டும் பிழையைக் காட்சிக்கு வைப்பதும் என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. அதே பக்கங்களில் அவர் ஆசையாகத் தேடிப் போட்ட பழைய இலக்கியச் சொற்களும் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

அக்கம்பக்கத்தாரோடு சண்டை வரும்போதெல்லாம், உங்களைப் புத்தகத்தில் எழுதிவிடுவேன் என்று மிரட்டியவர் அவர். சொன்னபடியே எழுதியும் விட்டார். குடிசையைக் காலி செய்து லாரியில் கிளம்பியபோது அவர்கள் கல்லெறிந்தார்கள். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

அக்டோபர் 13

இன்று படித்தது மனத்தை விட்டு அகலவில்லை. 1961-இல் ‘செங்கல் வீடு’ என்ற இரண்டாம் நாட்குறிப்பு வெளிவந்தது. அதன் முன்னுரையில் டான்டாஸ், நீ எழுதிய கவிதைகளையும் கதைகளையும் நாவல்களையும் எடுத்து வைத்துவிடு என்று கரோலினாவுக்கு அறிவுரை சொல்கிறார். அவர் கெட்டவர் அல்லர். அவர் இல்லாவிட்டால் அந்த நோட்டுகள் வெளிச்சத்துக்கு வந்திருக்குமா என்பதே ஐயம். ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தில் முழு நிலைமையும் அடங்கியிருக்கிறது. கறுப்பினப் பெண் பசியைப் பற்றிச் சாட்சி சொல்லலாம், கற்பனை செய்யக் கூடாது. கரோலினாவோ தன்னைக் கவிஞராகத்தான் நினைத்திருந்தார். தானே பாடி இசைத்தட்டு வெளியிட்டார். 1963-இல் நாவலும் பழமொழித் தொகுப்பும் கொண்டுவந்தார். எவையும் எடுபடவில்லை. வறுமையிலிருந்து வெளியேறிய கரோலினாவிடம் வாசகர்களுக்கு அக்கறை இருக்கவில்லை.

அக்டோபர் 19

கடைசிக் காலத்தில் நகரின் தெற்கு ஓரத்தில் பரேலெய்ரோஸில் காய்கறி பயிரிட்டு, கோழி வளர்த்து வாழ்ந்து, 1977 பிப்ரவரியில் இறந்தார். சிறுவயது நினைவுகளை எழுதிய கைப்பிரதி 1982-இல் பாரிஸில் பிரெஞ்சில் வந்த பிறகுதான், 1986-இல், அவருடைய சொந்த நாட்டில் வந்தது. 2021 முதல் அவருடைய எழுத்துகளை விரிவாக மறுபதிப்பு செய்யும் பணியை, ஆசிரியையான வேராவும் கறுப்பினப் பெண் எழுத்தாளர் கான்செய்சாவ் எவரிஸ்தோவும் முன்னின்று நடத்துகிறார்கள்.

எவரிஸ்தோவின் தாய் கரோலினாவைப் படித்துவிட்டுத் தானும் நாட்குறிப்பு எழுதியவர். வீட்டு வேலை செய்து படித்த எவரிஸ்தோ, 2018-இல் பிரேசில் இலக்கிய அகாதெமியில் இடம் கேட்டபோது அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கு. 1897-இல் தொடங்கிய அந்த அமைப்புக்கு முதல் கறுப்பினப் பெண் உறுப்பினராக அனா மரியா கொன்சால்வெஸ் தேர்வானது இந்த ஆண்டு ஜூலையில்தான். அவர் எழுதிய பெருநாவல் வந்து அதற்குள் 19 ஆண்டுகள் ஆகிவிட்டன. அடுத்து எவரிஸ்தோவைத்தான் எடுக்கப் போகிறேன், கவிதைகளிலிருந்து.