எழும்பூர்ல இறங்கி சென்ட்ரல்ல ஏறணும்

சென்னை புரசைவாக்கத்துல வீடு தேடினப்போ என் வீட்டுக்காரர் பார்த்தது ஆபீஸ் எவ்வளவு தூரம், பசங்க ஸ்கூல் எவ்வளவு தூரம்னுதான். எங்க ஊர்க்காரங்க கணக்கு வேற. எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் பக்கத்துல நம்ம பிள்ள ஒருத்தி குடியிருக்கா, அவங்களுக்கு அது போதும். தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கம் யார் டெல்லிக்கோ காசிக்கோ நாக்பூருக்கோ டிக்கெட் போட்டாலும் எனக்கு போன் வந்துடும். "ஏ பிள்ள, காலைல பொதிகைல வந்து எழும்பூர்ல இறங்குதோம். ராத்திரி சென்ட்ரல்ல வண்டி. நீ ஒண்ணும் சிரமப்படாண்டாம், சும்மா வந்து நில்லு போதும்."

சும்மா வந்து நிக்கிறதுன்னா என்னன்னு எனக்குத்தான் தெரியும்.

ஒரே ஊர்ல எதுக்கு ரெண்டு பெரிய ஸ்டேஷன்னு ஒவ்வொரு தடவையும் யாராவது கேப்பாங்க. ரெண்டும் வேற வேற கம்பெனி கட்டினது. சென்ட்ரல் 1873ல மெட்ராஸ் ரயில்வே கட்டினது, அகல ரயில் பாதை. எழும்பூர் 1908ல சவுத் இந்தியன் ரயில்வே கட்டினது, மீட்டர் கேஜ், அதைவிட அகலம் குறைஞ்ச பாதை. அப்பல்லாம் தெற்கத்தி வண்டி எல்லாம் எழும்பூரோட நின்னுடும், வடக்கத்தி வண்டி எல்லாம் சென்ட்ரல்ல கிளம்பும். அந்தத் தண்டவாளத்துல இந்த வண்டி ஓடாது. மீட்டர் கேஜ் எல்லாம் போய் அகலப் பாதை வந்தாச்சு, ஆனா பொதிகை இன்னிக்கும் எழும்பூர்தான், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இன்னிக்கும் சென்ட்ரல்தான். நடுவுல உள்ள ரெண்டு கிலோமீட்டர் சொச்சத்தை மூட்டையோட கடக்குறது நம்ம தலையெழுத்து. எங்க மாமனார் இந்தப் பேச்சு வந்தாலே, அந்தக் காலத்துல எழும்பூர்ல பிளாட்பாரம் வரைக்கும் கார் உள்ளே போகும், பெட்டிக்குப் பக்கத்துலயே இறங்கலாம்னு ஆரம்பிச்சுடுவார். உண்மைதான், போச்சு. இப்ப அதைக் கேட்டு நான் என்ன செய்ய?

தூரம் ஒரு விஷயமே இல்லைங்கறதுதான் என் கட்சி. வரைபடத்துல பத்து நிமிஷம்னு காட்டும். அது ஸ்டேஷன் வாசல்ல இருந்து ஸ்டேஷன் வாசலுக்கு. பெட்டியில இருந்து இறங்கி வாசலுக்கு வர்றதுக்கு அறுபத்தெட்டு வயசு முழங்காலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு அதுக்குத் தெரியாது. நடுவுல பாத்ரூம் போகணும், காபி குடிக்கணும், மூட்டையை எண்ணணும். அதனால ரெண்டு வண்டிக்கும் நடுவுல குறைஞ்சது நாலு மணி நேரம் இல்லாம டிக்கெட் போடாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். பொதிகை ஒரு மணி நேரம் லேட்டானாலும் பதற வேண்டாம்.

டிக்கெட் போட்டுத் தர்ற தம்பிமாருக்கு இன்னொண்ணு. 2019 ஏப்ரல்ல இருந்து இப்படித் தொடர்ந்து போற ரெண்டு டிக்கெட்டோட பி.என்.ஆரையும் இணைக்கலாம். முதல் வண்டி லேட்டாகி ரெண்டாவது வண்டியை விட்டுட்டா, ரெண்டாவது டிக்கெட்டுக்கு கேன்சல் பண்ற கட்டணம் பிடிக்காம பணம் திரும்பக் கிடைக்கும். ரெண்டு டிக்கெட்லயும் பேர், வயசு எல்லாம் ஒண்ணா இருக்கணும். எங்க ஊர்ல போகும்போது ஒரு கடையில, வரும்போது வேற கடையில போடுவாங்க. ஒண்ணுல "சுப்பம்மாள்", இன்னொண்ணுல "எஸ். சுப்பம்மா".

காலையில போன் சத்தம் தாம்பரத்துல ஆரம்பிக்கும். பொதிகை அங்க நின்னதும் பாதிப் பெட்டி காலியாகும். அதைப் பார்த்துட்டு நம்ம ஆளுங்களும் மூட்டையைத் தூக்கிடுவாங்க. "எல்லாரும் இறங்குதாவளே, நாங்களும் இறங்கவா?" மாம்பலத்துலயும் இதே கேள்வி. இப்பல்லாம் முந்தின நாள் ராத்திரியே சொல்லிடுறேன்: வண்டி எழும்பூருக்கு மேல ஒரு அடி போகாது, அதுதான் கடைசி, விளக்கை அணைச்சாக்கூட உக்காந்தே இருங்க, நான் பெட்டிக்குள்ள வந்து கூப்பிடுறேன். எழும்பூர்ல சீரமைப்பு வேலை தொடங்கினதுல இருந்து அதுலயும் ஒரு சிக்கல். சில வண்டிகளைக் கொஞ்ச நாளைக்குத் தாம்பரத்தோட நிறுத்தினாங்க. அதனால முதல்ல எஸ்.எம்.எஸ். ஏதாவது வந்திருக்கான்னு பார்த்துட்டுத்தான் இந்த உறுதிமொழியைக் கொடுக்குறது.

போன தடவை வந்தது சித்தியும் சித்தப்பாவும். டெல்லியில தங்கச்சிக்குக் குழந்தை பிறந்திருக்கு. பிள்ளை பெத்த வீட்டுக்குப் போற சாமான் எப்படி இருக்கும்னு சொல்லணுமா? துணிக்கு ரெண்டு பெட்டி. அஞ்சு லிட்டர் கேன்ல செக்கு நல்லெண்ணெய். லேகியத்துக்குச் சுக்கு, திப்பிலி, அரிசித் திப்பிலி எல்லாம் தனித்தனிப் பொட்டலமா ஒரு கட்டைப்பை. உரிச்ச பூண்டு ஒரு டப்பா (டெல்லியில பூண்டு கிடைக்காதாம்). அப்புறம் ஒரு சிமெண்ட் சாக்கு, அதுக்குள்ள கருப்பட்டியும் புழுங்கலரிசியும். சாக்கோட வாயைக் கோணி ஊசியால தைச்சிருந்தாங்க.

சித்திக்கு ஒரு வழக்கம். எங்க இறங்கினாலும் நின்ன இடத்துலயே விரல் நீட்டி எண்ணுவா. "ஒண்ணு துணி, ரெண்டு துணி, மூணு எண்ணெய், நாலு மருந்து, அஞ்சு பூண்டு, ஆறு சாக்கு, ஏழு உங்க சித்தப்பா." ஏழு வந்தாத்தான் அடுத்த அடி. நான் சிரிக்கல. பிளாட்பாரத்துல இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

சித்தப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். போர்ட்டர் வைக்க மாட்டார். பணத்துக்காக இல்ல, இன்னொருத்தர் தலையில தன் சுமையை ஏத்தக்கூடாதுன்னு கொள்கை. கொள்கை நல்லதுதான், ஆனா சாக்கு முப்பது கிலோ. "சித்தப்பா, நீங்க பெட்டியைப் பார்த்துக்கோங்க, சித்தி தனியா இருக்கா"ன்னு சொல்லி அவரைக் காவலுக்கு நிறுத்திட்டு, நான் போய் கூலி பேசிட்டு வந்தேன். தூக்குறதுக்கு முன்னாடி பேசிடணும். சிவப்புச் சட்டைக்காரர் தலையில சாக்கு ஏறினப்புறம் பேசினா அது பேரம் இல்ல, கெஞ்சல்.

அப்புறம் எதுல போறதுங்கற மாநாடு. சித்தப்பா ஒரு திட்டத்தோட வந்திருந்தார்: எங்க வீடு ரெண்டாவது மாடி, லிப்ட் கிடையாது, அதனால நேரா சென்ட்ரலுக்குப் போய் சாமானை கிளோக் ரூம்ல போட்டுட்டு, கைவீசி வீட்டுக்கு வந்து குளிச்சு சாப்பிட்டு, ராத்திரி பத்து மணி வண்டிக்குப் போறது. கேட்க நல்லாத்தான் இருந்தது.

வாசல்ல ஆட்டோ இருநூறு ரூபாய் சொன்னாங்க. 2013ல அரசு வச்ச மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய்தான்னு சித்தப்பாவுக்கு நான் சொல்லியிருக்கவே வேண்டாம். அவர் அந்த ஓட்டுநருக்கு அரசாணை பத்தி வகுப்பெடுக்க ஆரம்பிச்சுட்டார். எலெக்ட்ரிக் ட்ரெயின்ல சென்ட்ரலுக்கு எதிர்ல உள்ள பார்க் ஸ்டேஷன் ஒரே நிறுத்தம், அஞ்சு ரூபாய். ஆனா மேம்பாலப் படி ஏறி இறங்கணும், பீக் அவர்ல சாக்கோட ஏற முடியாது. கையில ஒரு பையோட வர்ற காலேஜ் பசங்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். கடைசியில மெட்ரோ. அதுவும் ஒரே நிறுத்தம், பத்து ரூபாய், காலை அஞ்சு மணியில இருந்து உண்டு.

எஸ்கலேட்டர் வாயில வந்து சித்தி நின்னுட்டா. புடவைக் கொசுவத்தை ஒரு கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஒரு காலை முன்னால நீட்டி, படி வந்ததும் இழுத்து, திரும்ப நீட்டி. பின்னால ஆபீஸ் போற கூட்டம் நெருக்குது. இந்த இடத்துல தைரியம் சொல்றவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம் வரும். "ஒண்ணும் ஆகாது, சும்மா கால் வைங்க"ன்னு சொல்லிக் கையைப் பிடிச்சு இழுக்குறது. லிப்ட் இருக்கு, அது எங்க இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டா போதும். திரும்பி லிப்ட்ல போனோம்.

கீழே ஸ்கேனர். பெட்டி போச்சு, எண்ணெய்க் கேன் போச்சு. சாக்கு உள்ளே போனதும் பெல்ட் நின்னுடுச்சு. திரையைப் பார்த்துட்டு இருந்த பையன் எழுந்து நின்னான். நானும் எட்டிப் பார்த்தேன். அரிசி மங்கலா மேகம் மாதிரி, அதுக்கு நடுவுல வட்ட வட்டமா கறுப்பா அடுக்கு அடுக்கா என்னமோ.

"என்னம்மா இது?"

"கருப்பட்டிய்யா. மவ பிள்ள பெத்திருக்கா."

அவன் இன்னொரு தடவை திரையைப் பார்த்தான். "உடன்குடியா?"

சித்தி முகத்தைப் பார்க்கணுமே. சென்னையில இறங்கின நேரத்துல இருந்து முதல் தடவையா ஒருத்தன் உருப்படியா ஒரு கேள்வி கேட்டிருக்கான். பையனுக்குத் திசையன்விளையாம். தைச்ச வாயைப் பிரிச்சு ஒண்ணு எடுத்துக் கொடுக்குறேன்னு நின்னா, அவன் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வச்சான். சென்ட்ரல் வர்றதுக்குள்ள அவன் குடும்பத்தைச் சேர்ந்தவங்க யார் யார் நமக்குத் தெரிஞ்சவங்களா இருக்கலாம்னு சித்தப்பாவும் சித்தியும் ஆராய்ச்சியே முடிச்சுட்டாங்க. வண்டி ஓடின நேரம் சில நிமிஷம்தான்.

கிளோக் ரூம்ல பூட்டின சாமானைத்தான் எடுப்பாங்க. பெட்டிகளுக்குப் பூட்டு உண்டு. கட்டைப்பைக்கும் சாக்குக்கும் எங்க பூட்டறது? தைச்சிருக்கேனே, இதைவிடப் பூட்டு என்ன வேணும்னு சித்தி ஒரு வாதம் வச்சுப் பார்த்தா. நடக்கல. ஆக, தள்ளிக்கிட்டே போகக்கூடிய சக்கரம் வச்ச ரெண்டு பெட்டியும் சொகுசா அங்கே தங்கிடுச்சு. தூக்கவே முடியாத சாக்கு எங்களோட ஆட்டோ ஏறி, ரெண்டு மாடியும் ஏறி, வீட்டுக்கு வந்தது. சாயங்காலம் அதே சாக்கு திரும்ப இறங்கினது. இந்தத் திட்டத்தைப் பத்தி யாரும் பேசல. சித்தப்பா பேப்பர் படிச்சார்.

ராத்திரி சென்ட்ரல் எனக்குப் பிடிச்ச பகுதி. ஒரு காரணம் இருக்கு. எழும்பூர்ல தண்டவாளம் ஊடே போகும், அதனால பிளாட்பாரம் மாற படி ஏறி இறங்கணும். சென்ட்ரல்ல தண்டவாளம் எல்லாம் வந்து முட்டி நின்னுடும். முன்கூடத்துல இருந்து எந்த பிளாட்பாரத்துக்கும் ஒரு படிகூட ஏறாம சமதளத்துலயே நடந்துடலாம். முழங்கால் வலிக்காரங்களுக்கு இதைச் சொன்னா பாதி பயம் போயிடும். தூரம்தான் அதிகம். நம்ம பெட்டி முன்கூடத்துப் பக்கம் விழுந்தா நல்லது, எஞ்சின் பக்கம் விழுந்தா நடை நீளும். அதனால ஒன்பதுக்கெல்லாம் உள்ளே போயிடணும். வண்டி பேரைப் பார்க்காம நம்பரைப் பார்க்கணும், தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கு 12621. அப்புறம், சென்ட்ரலுக்கு இப்போ புரட்சித் தலைவர் எம்.ஜி.ஆர். பேரு, 2019ல மாத்தினாங்க. டிக்கெட்ல அந்தப் பேரைப் பார்த்துட்டு இது வேற ஏதோ ஸ்டேஷன்னு போன் பண்ணினவங்க உண்டு. சுருக்கெழுத்தைப் பாருங்க: எம்.ஏ.எஸ்.னு இருந்தா சென்ட்ரல், வெறும் எம்.எஸ்.னு இருந்தா எழும்பூர்.

சித்தி சீட்டுக்கடியில ஆறையும் தள்ளி, ஏழாவதை ஜன்னலோரம் உக்கார வச்சுட்டு, எனக்கு ஒரு கருப்பட்டி எடுத்துத் தந்தா. சாக்கைப் பிரிச்சது எப்போன்னு தெரியல.

இப்ப அடுத்த கோஷ்டி. பெரியத்தையும் கூட ஏழு பேரும் காசிக்கு. நேத்து வாட்ஸ்அப்ல டிக்கெட்டை அனுப்பி, சென்ட்ரல்ல வந்து நில்லுன்னு சொல்லியிருக்காங்க. பெரிசு பண்ணிப் பார்த்தா சங்கமித்ரா எக்ஸ்பிரஸ். அது பெங்களூர்ல இருந்து வந்து பெரம்பூர்ல நின்னுட்டு அப்படியே கூடூர் பக்கம் போயிடும், சென்ட்ரலுக்குள்ள தலையே காட்டாது. பெரம்பூர்னா எங்க வீட்டுல இருந்து ஓட்டேரி வழியா ஆட்டோலயே போயிடலாம், மெட்ரோவும் வேண்டாம் ஸ்கேனரும் வேண்டாம். போன் பண்ணி விவரம் சொன்னேன், ஆளுக்கு ஒரு பை, அதுவும் பூட்டோட, சாக்கு மட்டும் கூடவே கூடாதுன்னும் சொன்னேன்.

"சரி பிள்ள. கங்கைத் தண்ணி கொண்டார குடம் மட்டும் எடுத்துக்கிடுதோம்" என்றாள் அத்தை. எத்தனை குடம்னு கேட்டேன். ஆளுக்கு ரெண்டாம்.