பட்டுத்துணிக்குக் கீழே ஒரு தேங்காய்

எங்கள் கல்லூரி மலர்க்குழுவினர் இம்முறையும் கட்டுரை கேட்டார்கள். போன மலரில் எழுதியதன் மிச்சத்தை எழுதித் தருகிறேன் என்றேன். செயலாளர் தம்பிக்கு விளங்கவில்லை. "அண்ணை, அது வடிவாய் முடிஞ்சுதே, இன்னும் என்ன மிச்சம்?" என்றார். வடிவாய் முடிந்ததுதான் எனக்குச் சிக்கல்.

போன மலரை வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். எழுபதுகளின் நடுப்பகுதியில் எங்கள் கல்லூரித் தமிழ்த்தின விழாவில் மேடையேற்றிய சோழர் நாடகத்தைப் பற்றி எழுதியிருந்தேன். காட்போட்டில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய கிரீடம், ஆருடையதோ கூறைச்சேலையில் தைத்த திரைச்சீலை, மூங்கில் தடியில் கட்டிய புலிக்கொடி, நாடகம் முடிந்ததும் ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டு விறாந்தையில் இருந்து குடித்த சோடா என்று ஒன்றும் விடவில்லை. இளவரசன் நான். வசனத்தில் ஒரு வரிகூட இன்றுவரை மறக்கவில்லை என்று பெருமையடித்திருந்தேன்.

மலர் வந்து ஒரு கிழமைக்குள் பிரான்ஸிலிருந்து ஒரு ரெலிபோன் வந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான்.

"மச்சான், நல்லாய்த்தான் எழுதியிருக்கிறாய். வாசிக்க எனக்கே திரும்பப் பள்ளிக்கூடம் போகோணும் போல இருந்தது. ஒண்டு கேக்கிறன். அதிலை நான் எங்கை?"

எத்தனை பேர் நடித்த நாடகம், எல்லாரையும் எழுதேலுமோ என்று சமாளித்தேன்.

"அதில்லை. நான் என்ன வேசம் எண்டாவது ஞாபகம் இருக்கே?"

இருக்கவில்லை. அவனே சொன்னான். தட்டுத் தூக்கினவன்.

அவன் சொன்ன பிறகுதான் முழுக்காட்சியும் வந்தது. பாண்டியனை வென்று திரும்பும் சோழ இளவரசன் சபைக்குள் நுழைகிறான். பின்னால் ஒருவன் பித்தளைத் தட்டில் பாண்டியன் தலையை ஏந்தி வருகிறான். நாடகப் பிரதியில் அப்படித்தான் இருந்தது. மேல் வகுப்பு அண்ணை ஒருவர் கடதாசிக் கூழில் ஒரு தலை செய்து, கழுத்துப் பக்கம் சிவப்பு மையும் பூசி வைத்திருந்தார். ஒத்திகையில் அதைக் கண்ட மாஸ்டர் முகத்தைச் சுளித்தார். பிரதம விருந்தினர் முன்வரிசையில் இருக்கும்போது இந்த அருவருப்பு வேண்டாம், பட்டைப் போட்டு மூடு என்றார். மூடினால் உள்ளே என்ன இருந்தால் என்ன என்று, விழாவன்று ஆரோ ஒரு உரித்த தேங்காயை வைத்துவிட்டார்கள். மேலே மயில்கழுத்து நிறப் பட்டு. பார்க்க நல்ல வடிவு. கோயிலுக்குக் கொண்டுபோகிற பூசைத்தட்டு மாதிரி.

சரித்திர நவீனம் என்று நான் விழுந்து விழுந்து வாசித்ததிலெல்லாம் இந்தப் பட்டுத்துணி இருந்தது. இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஐம்பது வருஷம் பிடித்தது.

எங்கள் கல்லூரி நூலகத்தில் அந்தச் சோழ நவீனம், கல்கியின் 'பொன்னியின் செல்வன்', ஐந்து பாகமும் இருந்தது. வாரப் பத்திரிகையில் வந்ததைக் கிழித்துச் சேர்த்துக் கட்டிய பைண்டிங். இடையிடையே சவர்க்கார விளம்பரமும் வரும். ஒருவன் முதலாம் பாகம் முடிக்கமுதல் இன்னொருவன் மூன்றாம் பாகத்தை ஒளித்து வைத்துவிடுவான். வாசித்தவன் எவனும் தன்னைச் சாதாரண ஆளாக நினைத்து வாசிக்கவில்லை. நாற்பது பொடியள், நாற்பது பேரும் குதிரையில். அந்தக் காலத்தையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்ட தரப்படுத்தல் வந்து அண்ணைமாரின் பல்கலைக்கழகக் கனவில் மண் விழுந்திருந்தது. 1974 தையில் யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காவது தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி இரவு, கூட்டத்துக்குள் பொலிஸ் புகுந்து உயிர்கள் போனது இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். தலைகுனிந்து திரிந்த பிள்ளைகளுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு கிரீடம் கிடைத்தது. காட்போட்டாக இருந்தாலும் கிரீடம் கிரீடம்தானே. அந்தப் புத்தகங்களை இப்போது நையாண்டி செய்கிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

இளைப்பாறிய பிறகு நேரம் கிடைத்தது. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றையும், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அடங்கிய தொகுதியையும் மெல்ல மெல்ல வாசித்தேன். ராசாக்கள் தாங்கள் செய்ததை மறைத்திருப்பார்கள், நான் துருவித்தான் எடுக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டுதான் தொடங்கினேன். அங்கேதான் அடி விழுந்தது. அவர்கள் ஒன்றையும் மறைக்கவில்லை.

எங்கள் நாடகத்து இளவரசனையே எடுங்கள். ஆதித்த கரிகாலனின் கல்வெட்டுகளில் அவனுக்குப் பட்டமே 'பாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி' என்பதுதான். ராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு ஒரு படி மேலே போய், அந்தத் தலையைத் தன் நகரில் வெற்றித்தூணாக நாட்டினான் என்று புகழ்கிறது. அவர்கள் நாலு பேர் பார்க்கத் தூக்கி நிறுத்தியதைத்தான், நாங்கள் பிரதம விருந்தினருக்குக் கூச்சமாக இருக்கும் என்று பட்டால் மூடினோம்.

ராசேந்திர சோழன் மெய்க்கீர்த்தியை, அதாவது அவன் வெற்றிகளைப் புகழும் கல்வெட்டுப் பாட்டை, பேச்சுப்போட்டிக்காகப் பாடமாக்கியவர்கள் நம்மில் பலர் இருப்பீர்கள். 'பொருகடல் ஈழத் தரசர்தம் முடியும், ஆங்கவர் தேவியர் ஓங்கெழில் முடியும்' என்ற இடத்தில் குரலை உயர்த்தக் கற்றுத்தந்தார்கள். உயர்த்தினோம். ஒரு பெண்ணின் தலையிலிருந்து அந்தக் கிரீடம் எப்படிக் கழன்று வந்தது என்று கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை, கற்றுத்தந்தவருக்கும் தோன்றவில்லை. 1017இல் ஈழத்து அரசன் ஐந்தாம் மிகிந்தன் பிடிபட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டான். பன்னிரண்டு வருஷம் சிறையிருந்து 1029இல் அங்கேயே செத்தான். தாது வைத்த அறைகளை உடைத்துப் பொற்சிலைகளை அள்ளிப் போனார்கள் என்று சிங்கள அரசர்களின் வரலாறு சொல்லும் பாளி நூலான சூளவம்சம் அழுகிறது. அது தோற்றவர்கள் பக்கத்துக் கதை, கொஞ்சம் தள்ளுபடி கொடுத்துத்தான் வாசிக்க வேண்டும். ஆனால் முடி பறித்ததை வென்றவனே கல்லில் வெட்டி வைத்திருக்கிறானே, அதற்கு என்ன தள்ளுபடி? இதில் வேடிக்கை என்னவென்றால், முடி பறிபோன அதே தீவில் பிறந்த நாங்கள், பறிக்க வந்த கப்பலுக்குத்தான் கைதட்டினோம்.

நவீனத்தில் வரும் இளவரசர் ஈழத்தில் படை நடத்தும்போது அந்த நாட்டுச் சனங்களின் அரிசியைத் தொடமாட்டார். சோழநாட்டிலிருந்து கப்பலில் வருவிப்பார். வாசித்த வயதில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்த இடம் அது. அதே இளவரசர் பிறகு ராசராசனாகி எழுப்பிய பெரிய கோயிலின் சுவரில், ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருமானம் அந்தக் கோயிலுக்கு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கதையில் ஒரு பக்கமாக ஓடிய கப்பல் கல்லில் மற்றப் பக்கமாக ஓடுகிறது.

அதே சுவரில்தான் கோயில் பணிக்கென்று வைத்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியலும் இருக்கிறது. பெயர், எந்த ஊர்க் கோயில், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். வேறு வேறு ஊர்களிலிருந்து 'கொண்டுவந்து ஏற்றின' பெண்கள் என்று சொல்கிறது. சாமான் ஏற்றுவதற்கு நாங்கள் சொல்கிற அதே சொல். ஆனாலும் நூறு கலம் நெல் சின்ன விசயமில்லை, அவர்களை வெறும் பாவப்பட்டவர்களாக எழுதினால் அது இன்னொரு பட்டுத்துணி. அந்தச் சுவரில் வரியில்லாத நிலங்களை எண்ணிக்கொண்டு வரும்போது குளம், வாய்க்கால், பறைச்சேரி, சுடுகாடு என்று ஒரே மூச்சில் எண்ணுகிறார்கள். சில ஊர்களில் 'தீண்டாச்சேரி' என்றே இருக்கிறது. ஐந்து பாகத்தில் அந்தச் சேரிக்குள் ஒரு குதிரைகூடத் தவறிப் போனதாக எனக்கு ஞாபகமில்லை.

என்னைப் படுக்கவிடாமல் செய்தது இன்னொரு கல்வெட்டு. திருப்பாம்புரம், மூன்றாம் குலோத்துங்கன் காலம், 1201. பஞ்சம். ஒரு காசுக்கு மூன்று நாழி நெல்தான் விற்கிறது. ஒரு வெள்ளாளரும் அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளும் பட்டினிக்குத் தப்ப, 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கு அடிமையாக விற்கிறார்கள். நான் வேலைநாளெல்லாம் கணக்குப் பார்த்தவன், கை சும்மா இருக்கவில்லை. பென்சிலை எடுத்தேன். 110 காசு, காசுக்கு மூன்று நாழி, 330 நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். அப்படியென்றால் 96 நாழி ஒரு கலம். மூன்றரைக் கலம்கூட வரவில்லை. மூன்று உயிர், என்றென்றைக்குமாக, மூன்றரைக் கலத்துக்குள். அந்தக் கடதாசியை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்த இரண்டு பெண்பிள்ளைகளில் ஒருத்தி கண்ணால் சோழநாட்டைப் பார்க்கிற ஒரு நவீனம் ஆராவது எழுதினால், இந்த வயதிலும் நித்திரை முழித்து வாசிப்பேன்.

சோழநாடு தூரம், அதைத் திட்டுவது சுகம். எங்கள் பக்கமும் இதே கதைதான். ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த, யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையில் அடிமைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. ஆரை விற்கலாம், ஆர் பிள்ளை ஆருக்குச் சொந்தம் என்பதெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறது. இலங்கையில் அடிமைமுறையைச் சட்டம் நீக்கியது 1844இல். என் அம்மம்மா, "அந்தக் காலத்திலை ஆர் கதவு பூட்டினது? எங்கடை வீட்டிலை எத்தினை ஆக்கள் நிண்டவை!" என்று சொல்லும்போது அந்த 'ஆக்கள்' ஆர் என்று நான் கேட்டதில்லை. 1929இல் உதவி நன்கொடை பெறும் பள்ளிக்கூடங்களில் எந்தச் சாதிப் பிள்ளையும் ஒரே வாங்கில், அதாவது பெஞ்சில், இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, யாழ்ப்பாணத்தில் அதை எதிர்த்துக் கொதித்தார்கள். பள்ளிக்கூடங்கள் எரிந்தன. சம ஆசனம் என்பது அன்றைக்கு வீட்டுக்கு வீடு சண்டையை மூட்டிய சொல். எங்கள் கல்லூரியின் பழைய மலர்களைப் புரட்டினேன். அதிபர்மார் வரிசை இருக்கிறது, புதுக் கட்டடம் திறந்தது இருக்கிறது, கிரிக்கெட்டில் வென்றது இருக்கிறது. வாங்கைக் காணோம்.

நண்பனிடம் இதைச் சொன்னேன். "அப்பு சாக்கிலை இருந்து படிச்சவர், மச்சான். எனக்கு வாங்கு கிடைச்சது. நீ அதுக்கு மேலை ஏன் போறாய்?" என்று சிரித்தான். பிறகு சிரிக்காமல் சொன்னான். நாடகத்துக்கு ஆள் எடுத்த அன்று அவன்தான் முதலில் கையை உயர்த்தியவனாம். இளவரசனுக்குரிய வசனம் முழுக்கப் பாடம். மாஸ்டர் கேட்டுவிட்டு, குரல் நல்லாயிருக்கு, அரச முகவெட்டு இல்லையே என்றாராம். முகவெட்டு என்றால் என்ன என்று வகுப்பில் எல்லோருக்கும் விளங்கியது. எனக்கும்தான் விளங்கியிருக்க வேண்டும். அந்த வேசம் எனக்குக் கிடைத்த சந்தோசம்தான் ஞாபகத்தில் இருக்கிறது, மற்றது இல்லை.

"நீ சோடாவை எழுதியிருந்தாய்," என்றான். "விறாந்தையிலை இருந்து குடிச்சனீங்கள். நான் பின்பக்கம் கிணத்தடியிலை தட்டைக் கழுவி, பட்டை மடிச்சுக் குடுத்திட்டு வீட்டை போனனான். எனக்குச் சோடா தரேல்லை."

என்ன சொல்கிறது என்று தெரியாமல் போன மலரை எடுத்து அந்தப் படத்தைப் பார்த்தேன். நாடகக் குழுவின் படம். நடுவில் நான், கிரீடம் சரிந்தபடி. வலது ஓரத்தில் ஒரு கை, அதில் பாதித் தட்டு. ஆள் இல்லை. பக்க அகலத்துக்கு அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டி அனுப்பியது நான்தான். மலர்க்குழுவைக் குறை சொல்ல வழியில்லை.

மூலப்படம் ஒரு பழைய பிஸ்கட் ரின்னுக்குள் கிடந்தது. ஸ்கான் பண்ணி வட்ஸ்அப்பில் அவனுக்கு அனுப்பிவிட்டு இருந்தேன். இரண்டு நீலக்கோடும் விழுந்தது. நெடுநேரம் பதில் இல்லை. கோவித்துவிட்டான் போல என்று நினைத்துத் தேத்தண்ணி வைக்கப் போனேன். வந்து பார்த்தால் படத்தை அவன் பெரிதாக்கி, தட்டிருக்கும் இடத்தை மட்டும் வெட்டித் திருப்பி அனுப்பியிருந்தான். கீழே ஒரு வரி.

"வடிவாப் பார் மச்சான், பட்டு விலகித் தேங்காய்க் குடுமி தெரியுது."

படத்தை இம்முறை வெட்டாமல் போடச் சொல்லியிருக்கிறேன்.