லத்தீன் பட்டப்படிப்பு: தமிழ்க் காதோடு ஒரு வாசிப்பு

லத்தீன் ஒரு சொல்கூடத் தெரியாமல் லத்தீன் பட்டப்படிப்பில் சேரலாம். நான் அப்படித்தான் சேர்ந்தேன். பள்ளியிலேயே படித்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு பிரிவு, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு பிரிவு என்று பல இடங்களில் பிரித்து வைத்திருக்கிறார்கள். புதியவர்கள் முதல் ஆண்டிலேயே அடிப்படை இலக்கணம் முழுவதையும் முடித்தாக வேண்டும். அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, பண்டைய ரோமின் புகழ்பெற்ற பேச்சாளரான சிசெரோவைப் படிக்க வேண்டும். கடுமையான ஆண்டு அது. ஆனால் தமிழ் தாய்மொழியாக இருப்பவருக்கு இந்தப் படிப்பில் சில கைப்பிடிகள் கிடைக்கின்றன. எங்கள் பாடப்புத்தகங்கள் ஆங்கிலம் பேசுபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதால் அவற்றில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை. நானாகத் தட்டுத்தடுமாறிக் கண்டுகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

லத்தீனில் பெயர்ச்சொற்கள் ஐந்து குழுக்கள், வினைச்சொற்கள் நான்கு குழுக்கள், வேற்றுமை ஆறு. எட்டு வேற்றுமை படித்து வளர்ந்த நமக்கு ஆறு ஒரு பொருட்டா என்று தோன்றும். ஒரு சொல்லின் கடைசியில் ஒட்டுவது அந்தச் சொல்லின் வேலையைச் சொல்லும் என்பதை வகுப்பில் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. சிரமம் வேறு இடத்தில் வந்தது. தமிழில் ‘ஐ’ எந்தப் பெயரோடு சேர்ந்தாலும் ‘ஐ’தான். மரத்தை, மரங்களை என்று பன்மைக்கு ஒரு துண்டு, வேற்றுமைக்கு ஒரு துண்டு. லத்தீனில் எண்ணும் வேற்றுமையும் ஒரே ஈற்றில் கரைந்து கிடக்கும். அந்த ஈறும் குழுவுக்குக் குழு மாறும். ‘ஈ’ என்று முடிகிற சொல்லைப் பார்த்தால், இரண்டாம் குழுவில் அது ‘உடைய’ என்ற பொருளாக இருக்கலாம், பன்மை எழுவாயாகவும் இருக்கலாம். மூன்றாம் குழுவிலோ அது ‘கு’. போதாததற்குப் பெயரடையும் பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். நமக்குப் ‘பெரிய’ எங்கே வந்தாலும் ‘பெரிய’தான்.

இதற்குக் குறுக்கு வழி கிடையாது. சத்தம் போட்டு ஒப்பிக்க வேண்டும். வினைச்சொல் ஒவ்வொன்றுக்கும் பொதுவாக நான்கு அடிப்படை வடிவங்கள் உண்டு; நான்கையும் சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். ‘சுமத்தல்’ என்ற வினை ஃபெரோ, ஃபெர்ரெ, துலீ, லாதும் என்று போகும். இதில் ‘லாதும்’ ‘ஃபெரோ’வின் பிள்ளை என்று எந்த விதியை வைத்தும் ஊகிக்க முடியாது.

எனக்கு மிகப் பெரிய உதவியாக இருந்தது ஒரு சின்னப் பழக்கம். தொடக்கநிலைப் புத்தகங்களில் நெடில் உயிர்களுக்கு மேலே கோடு போட்டிருப்பார்கள். உண்மையான நூல்களுக்குப் போனால் அந்தக் கோடு இருக்காது. லத்தீனிலோ குறில் நெடில் வித்தியாசத்தில் இலக்கணமே மாறிவிடும். சரி என்று, குறிப்பேட்டில் லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுத ஆரம்பித்தேன். ‘பதியெந்திய’ என்று குறிலில் முடிந்தால் பொறுமை, அதாவது எழுவாய். ‘பதியெந்தியா’ என்று நெடிலில் முடிந்தால் அது வேறு வேற்றுமை. ரோமானிய எழுத்தில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான்.

கி.மு. 63 நவம்பரில் சிசெரோ செனட்டில், ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த கதிலீனாவை நேருக்கு நேர் கேட்ட புகழ்பெற்ற கேள்வி, “க்வோ ஊஸ்க்வெ தந்தெம் அபூதேரெ, கதிலீன, பதியெந்தியா நொஸ்த்ரா?” இன்னும் எவ்வளவு காலம்தான் எங்கள் பொறுமையைச் சோதிப்பாய் என்று பொருள். இதில் ‘அபூதேரெ’ எதிர்காலம். அதையே ‘அபூதெரெ’ என்று படித்தால் நிகழ்காலமாகிவிடும். அச்சில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். தமிழில் எழுதி வைத்தவனுக்கு ஒரு கொம்பு வித்தியாசத்தில் காலம் தெரிந்துவிடும். வல்லின மெய்களின் ஒலி வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டாது என்பது உண்மை. ஆனால் எனக்குத் தேவைப்பட்டது நீளம் மட்டும். (உச்சரிப்பைப் பொறுத்தவரை இரண்டு மரபுகள் இருக்கின்றன. திருச்சபை மரபில் ‘சிச்செரோ’ போல ஒலிக்கும் பெயர், பண்டைய உச்சரிப்பை மீட்டெடுத்துச் சொல்லும் வகுப்புகளில் ‘கிகெரோ’. எங்களுக்கு இரண்டாவது.)

வாக்கிய இலக்கணத்துக்குள் போனதும் ஓரிடத்தில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. ‘உர்பெ கப்தா’ என்று இரண்டே சொற்களை வாக்கியத்தின் தலையில் வைத்துவிட்டு, முக்கியச் செய்தியைத் தனி எழுவாயோடு தொடர்கிற அமைப்பு ஒன்று உண்டு. ‘நகரம் பிடிபட, மக்கள் ஓடினர்’ என்று நாம் சொல்வதுபோல. ஆங்கிலத்தில் இதை இயல்பாகச் சொல்ல வழியில்லாததால் பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. தமிழில் ‘செய’ என்னும் எச்சம் அந்த வேலையைத்தான் நாள் முழுக்கச் செய்கிறது. மழை பெய்ய, ஆறு பெருகியது. அதைப் பிடித்துக்கொண்ட பிறகு சீசரின் வாக்கியங்களில் பாதி திறந்துகொண்டது.

மறுபாதி லேசில் திறக்கவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்ல நமக்கு ‘என்று’ இருக்கிறது. லத்தீனில் அப்படி ஒரு சொல் இல்லாமலே, சொன்ன செய்தியின் எழுவாயை இரண்டாம் வேற்றுமைக்குத் தள்ளி, வினையை வெறும் வினைப்பெயர் போல ஆக்கிவிடுவார்கள். துணை வாக்கியங்களின் வினைகளும் வேறு வடிவத்துக்கு மாறிவிடும். சீசர் தான் நடத்திய கல்லியப் போரைப் பற்றி எழுதிய நூலில் அரியோவிஸ்துஸ் என்ற ஜெர்மானிய மன்னன் பேசும் நீண்ட பேச்சு முழுக்க இப்படித்தான் ஓடுகிறது. போதாக்குறைக்குச் சீசர் தன்னையே ‘சீசர்’ என்று படர்க்கையில் எழுதுகிறார். அந்த ‘தான்’ யார், இந்த ‘அவன்’ யார் என்று பென்சிலால் அம்புக்குறி போட்டே பல மாலைகள் போயின. இந்தப் பகுதியில் அவசரப்படக் கூடாது என்பது என் கருத்து. இதைச் சரியாகக் கற்காமல் ரோமானிய வரலாற்றாசிரியர்களான லீவியிடமோ தாசிதுஸிடமோ போகவே முடியாது.

இனி இந்தப் படிப்பில் நான் மிக முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். லத்தீன் வாக்கியத்தைக் கண்டதும் முதலில் வினையைத் தேடு, அப்புறம் எழுவாயைத் தேடு, பிறகு மற்றதை ஒட்டு என்று ஒரு முறை பரவலாகச் சொல்லித் தரப்படுகிறது. தேர்வில் மதிப்பெண் வாங்க அது உதவும். ஆனால் எந்த ரோமானியனும் அப்படிக் கேட்டிருக்க முடியாது. மேடையில் சிசெரோ பேசும்போது வினைக்குத் தாவிவிட்டுத் திரும்பி வர வழியில்லை. வில்லியம் கார்ட்னர் ஹேல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1887-லேயே இதை வலியுறுத்தினார்: சொற்கள் வந்த வரிசையில் படி, ஒவ்வொரு சொல்லிலும் இதுவரை என்ன தெரிகிறது, இனி என்ன வரலாம் என்று காத்திரு.

காத்திருப்பது நமக்குப் புதிதில்லை. வினை கடைசியில் வரும் மொழியில்தான் நாம் பேசுகிறோம். இந்த முறைக்கு மாறியபோது என் வேகம் முதலில் பாதியாகக் குறைந்தது. பிறகு நிதானமாக ஏறத் தொடங்கியது.

ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் ‘ஏனெயிட்’ காவியத்தின் இரண்டாம் காண்டத்தில் ஓர் அடி. டிரோய் நகரம் அழிந்த கதையைச் சொல்லும்படி அரசி தீதோ கேட்கிறாள். காவிய நாயகன் ஏனெயாஸ் தொடங்குகிறான்: “ஈன்ஃபந்தும், ரேகீன, யுபேஸ் ரெனொவாரெ தொலோரெம்.” வந்த வரிசையில் வைத்தால்: சொல்லொணாத, அரசியே, ஆணையிடுகிறாய், புதுப்பிக்க, துயரத்தை. ‘சொல்லொணாத’ எதைப் பற்றியது என்று தெரியாமலே அந்த அடி முழுவதையும் கடக்கிறோம். கடைசிச் சொல்லில் ‘துயரம்’ வந்து விழும்போதுதான் அது பொருந்துகிறது. இடையில் அரசி, அவள் கட்டளை, மறுபடி அனுபவிக்க வேண்டிய வேதனை. தமிழில் பெயரடையை இவ்வளவு தூரம் பிரித்துவைக்க முடியாது. லத்தீனில் ஈறு பொருத்தம் சொல்வதால் முடிகிறது. ‘யுபேஸ்’ என்ற வினையை முதலில் தேடிப் பிடித்து வாக்கியத்தை ஒழுங்குபடுத்தியவருக்குப் பொருள் கிடைத்திருக்கும். அந்தத் தயக்கம் கிடைத்திருக்காது.

அதே அடியைச் சீர் பிரித்தால் இன்னொன்றும் தெரியும். ஏனெயிட் முழுவதும் அடிக்கு ஆறு சீர். முதல் நான்கில் கனம்-இலேசு-இலேசு என்றோ கனம்-கனம் என்றோ வரலாம். ஐந்தாவது பெரும்பாலும் முதல் வகை. ஆறாவது இரண்டே அசை. நம் யாப்பில் குறில் தனித்து வந்தாலும் நெடில் தனித்து வந்தாலும் நேரசைதான். அங்கே நெடிலும், மெய்யில் முடியும் அசையும் கனம். குறிலில் முடிவது இலேசு. ‘ஈன்ஃபந்தும் ரே’ வரை நான்கு அசையும் கனம். வாய் திறக்கவே முடியாதவன்போலத் தொடங்குகிறான். அதற்கப்புறம் இலேசான அசைகள் கலந்து ஓட்டம் கூடுகிறது. இதை வாய்விட்டுப் படித்தால்தான் தெரியும். சொல்லின் கடைசி உயிரும் அடுத்த சொல்லின் முதல் உயிரும் சந்தித்தால் முன்னது விழுந்துவிடும். ‘உம்’ போன்ற ஈறும் அப்படியே விழும். ‘முல்தும் இல்லெ எத்’ என்பது ‘முல்தில்லெத்’ ஆகும். ‘எனது ஊர்’ ‘எனதூர்’ ஆவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது இயல்பாகவே இருந்தது.

மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு படிக்கலாமா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். ஒரு பக்கம் மூலம், எதிர்ப்பக்கம் ஆங்கிலம் என்று அச்சிட்ட லோப் வரிசை எல்லா நூலகங்களிலும் சிவப்பு அட்டையோடு நிற்கிறது. என் பதில்: முதலில் அகராதியோடு நீங்களே போராடுங்கள், அப்புறம் சரிபார்க்கத் திறவுங்கள். முன்பின் பார்த்திராத பத்தியை அகராதி இல்லாமல் மொழிபெயர்க்கச் சொல்லும் தாள் பல இடங்களில் உண்டு. எதிர்ப்பக்கத்தைப் பார்த்தே பழகியவர்களுக்கு அந்த அறையில் கை ஓடாது. அதற்குத் தயாராக நான் புதிய பத்திகளைத் தேடி ஓடியதைவிட, ஏற்கெனவே படித்து முடித்த பத்திகளைச் சத்தமாகத் திரும்பத் திரும்பப் படித்ததுதான் பயன் தந்தது.

ஆங்கிலத்திலிருந்து லத்தீனுக்கு எழுதும் பயிற்சியும், ரோமானிய வரலாற்றுத் தாள்களும் வழக்கமான உழைப்பில் முடிந்தன. சிசெரோவின் நீண்ட வாக்கியங்களுக்குப் பழகிய பிறகு தாசிதுஸிடம் போனதுதான் அதிர்ச்சி. சொற்களை அவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிறார், வினையைக்கூட விட்டுவிடுகிறார். பிரித்தானியத் தலைவன் கல்ககுஸின் வாயில் அவர் வைத்த பேச்சில் ரோமானியர்களைப் பற்றி வருகிறது: எல்லாவற்றையும் பாழாக்கிவிட்டு அதற்கு அமைதி என்று பெயர் வைக்கிறார்கள். எழுதியவர் ரோமின் செனட்டர் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் கை நடுங்கும்.

இலக்கியத் தாள்களில் நான் எதிர்பாராத ஆர்வம் சுவடிகளில் வந்தது. மூலப் பதிப்புகளில் பக்கத்தின் அடியில் எந்தச் சுவடியில் என்ன பாடம் என்று சுருக்கக் குறிகளில் கொடுத்திருப்பார்கள். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறிக்கும் நம் பதிப்பாசிரியர்களின் வேலையேதான். ரோமானியக் கவிஞர் கதுல்லுஸின் கவிதைகள் பெரும்பாலும் 1300 வாக்கில் வெரோனாவில் வெளிப்பட்ட ஒரே ஒரு சுவடியின் வழியாகத்தான் நமக்கு வந்து சேர்ந்தன. அந்தச் சுவடியும் இப்போது இல்லை. அதன் படிகள்தாம் இருக்கின்றன. வர்ஜில் கி.மு. 19-இல் ஏனெயிட்டைத் திருத்தி முடிக்காமலே இறந்துபோனார். அதில் ஐம்பதுக்கு மேற்பட்ட அடிகள் பாதியிலேயே நிற்கின்றன. பதிப்பில் அந்த வெற்றிடத்தைப் பார்த்தபோது நூல் என்பது எவ்வளவு கைகளைத் தாண்டி வருகிறது என்று புரிந்தது.

இறுதி ஆண்டு ஆய்வேட்டுக்கு நான் வீரமாமுனிவரை எடுத்தேன். இத்தாலியரான அவர், பேச்சுத் தமிழான கொடுந்தமிழின் இலக்கணத்தை லத்தீனில்தான் எழுதினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார்; காமத்துப்பாலை விட்டுவிட்டார். ஜி.யு. போப் 1886-இல் வெளியிட்ட குறள் பதிப்பில் அந்த லத்தீனும் சேர்க்கப்பட்டிருக்கிறது. எகர ஏகாரங்களை எழுத்தில் பிரித்துக் காட்டும் இன்றைய முறை வீரமாமுனிவர் பெயரால்தான் வழங்கிவருகிறது. ‘அபூதேரெ’யை நான் தமிழில் எழுதி வேறுபாடு காண முடிந்ததும் அதனால்தான்.

அந்த ஆய்வில் சிரமம் வேறு விதம். வர்ஜிலுக்கு வரிக்கு வரி உரை இருக்கிறது. இதற்குத் துணை குறைவு. ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய லத்தீன் அகராதி கி.பி. இரண்டாம் நூற்றாண்டோடு நின்றுவிடுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரியாரின் சொல்லுக்கு அது போதாது. திருச்சபை லத்தீன் அகராதியையும், 1879-இல் வந்த பழைய லூயிஸ்-ஷார்ட் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை நடந்தது. குறளைத் தாய்மொழியில் அறிந்து, அதன் லத்தீனையும் படிக்கக்கூடியவர்கள் இந்தத் துறைக்கு மிகவும் தேவை. இன்னும் செய்யப்படாத வேலை அங்கே மலைபோல் கிடக்கிறது.

சேர நினைப்பவர்கள் துறையிடம் கேட்க வேண்டியவை சில. தொடக்கநிலைப் பிரிவு உண்டா, அதிலிருந்து மூல நூல் வகுப்புக்கு எப்போது மாற்றுவார்கள்? மூலத்தில் எவ்வளவு படிக்க வேண்டும், மொழிபெயர்ப்பில் எவ்வளவு? கிரேக்கமும் கட்டாயமா? இறுதி ஆய்வேட்டுக்குப் பிற்கால லத்தீன் நூலை எடுக்க அனுமதிப்பார்களா? கடைசிக் கேள்வியை நேர்காணலுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பண்டைய ரோமோடு நின்றுகொள்ளும் துறைகளும் இருக்கின்றன.