கடப்பாரை குண்டு

2025 ஜூன், இங்க மொரீஷியஸ்ல குளிர்காலம். ரோஸ் ஹில்ல ஒரு வீட்டுக்கு பில்லர் குழி தோண்டிட்டு இருந்தோம், ரெண்டடி போனதுமே கருங்கல்லு. எரிமலைத் தீவு இல்லையா, கரும்புக்காட்டுல பொறுக்கிப் போட்ட கல்லே மலை மலையா குவிஞ்சு கிடக்கும். நம்ம பையன் சம்மட்டிய தூக்கி மாங்கு மாங்குனு அடிச்சான், பொறி பறந்துச்சே தவிர ஒண்ணும் ஆகல. மேஸ்திரி அண்ணன் "டேய் தள்றா"ன்னு கடப்பாரைய வாங்கி ஒரே எடத்துல நாலு போடு போட்டாரு, விரிசல் விட்டுருச்சு.

அந்த வாரம்தான் அமெரிக்காகாரன் ஈரான்ல ஃபோர்டோ மலைக்கு அடியில இருக்கற அணு ஆலை மேல குண்டு போட்டது. சாப்பாட்டு நேரத்துல அதே பேச்சு. "எவ்ளோ வெடிமருந்துண்ணே வச்சிருப்பான்"ங்கறான் பையன். மருந்து கம்மிதாண்டா! குண்டு மொத்தம் 13,600 கிலோ, அதுல மருந்து சுமார் 2,400 கிலோ, மிச்சம் பெரும்பாலும் கெட்டியான ஸ்டீலு. ஆறு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் கூட இல்லாத தடிமன், உசரத்துலருந்து விட்டா அந்த வெயிட்டும் வேகமும்தான் துளைக்குது, உள்ள எறங்குற வரைக்கும் பியூஸ் பொறுத்திருந்து அப்புறம்தான் வெடிக்கும். அப்பட்டமான கடப்பாரை. ஃபோர்டோல 12 போட்டாங்க, ரெண்டு காத்துக் குழாய் வாய்க்கு ஆறு ஆறா, மொத குண்டு கான்கிரீட் மூடிய பேக்க, பின்னாடி வந்ததுங்க அதே ஓட்டைக்குள்ள. மேஸ்திரி அண்ணன் டெக்னிக்கேதான்.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது 1991 வளைகுடா போர் கதை. சதாமோட பங்கர் ஒடையலன்னு, ஓரங்கட்டுன பழைய எட்டு இஞ்ச் பீரங்கிக் குழாய வெட்டி மருந்த அடச்சு சில வாரத்துல குண்டு பண்ணிட்டானுங்க, ரெண்டே ரெண்டு போட்டானுங்க அந்த போர்ல. நம்ம ஆளுங்க பழைய ஆக்ஸில்ல கடப்பாரை அடிக்கிற மாதிரி!

வீட்டு ஓனர் தோந்தோனுக்கு மட்டும் முகம் சரியில்ல. அந்த வருஷம் ஏப்ரல்ல இதே குண்ட தூக்குற பி-2 ப்ளேன் ஆறு, சாகோஸ் தீவுக்கூட்டத்துல அமெரிக்கா பேஸ் இருக்கற டியேகோ கார்சியால நின்னுச்சு, அங்கருந்துதான் போச்சோன்னு அவருக்கு சந்தேகம். இல்ல தோந்தோன், மிசௌரிலருந்து நடுவானத்துல எண்ணெய் நெரப்பிக்கிட்டு போனதுன்னேன். அவரு மாமியார் சாகோஸ்ல பொறந்தவங்க, பேஸ் கட்டணும்னு 1968லருந்து 73க்குள்ள ஊரையே காலி பண்ணாங்களே, அதுல வந்தவங்க. போன்ல சேட்டிலைட் படத்த காட்டுனேன், ப்ளேன் பக்கமே அவங்க பாக்கல, ரன்வே ஓரத்து தென்னமரத்த ரெண்டு வெரலால பெருசாக்கி பெருசாக்கி பாத்துட்டு இருந்தாங்க.

மூணாவது குழிலயும் கல்லு. ஜாக்ஹாமர் வாடகைக்கு எடுக்கலாம்னா தோந்தோன் காதுலயே வாங்கல.