சாப்பாட்டைப் பற்றிக் கேட்கக் கற்றுத்தரும் படிப்பு

தாராவியில் வசிக்கும் நான், மும்பையின் சமுதாயக் கல்லூரி ஒன்றில் உணவும் ஊட்டச்சத்தும் குறித்த சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர்களும், வீட்டிலிருந்தே டப்பா சாப்பாடு சமைத்துக் கொடுப்பவர்களும், படிப்பைப் பாதியில் விட்ட பெண்களும் உடன் படிக்கிறார்கள்.

புரதம், கொழுப்பு, விட்டமின் ஆகியவற்றைப் புத்தகத்திலும் படித்துவிடலாம். என்னை மிகவும் ஈர்த்தது, முந்தைய 24 மணி நேரத்தில் ஒருவர் சாப்பிட்டது, குடித்தது அனைத்தையும் கிண்ணம், கரண்டி, டம்ளர் அளவுகளைக் காட்டிக் கேட்டு எழுதும் செய்முறைப் பயிற்சிதான். எங்கள் பகுதியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் அதிகம். அந்த வீடுகளில் அக்காமார்களிடம் "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் என்ன சமைத்தோம் என்பதையே சொல்வார்கள். குழம்பும் பொரியலும் எல்லோருக்கும் பரிமாறிய பிறகு தமக்கு எவ்வளவு மிஞ்சியது என்பது, கிண்ணத்தைக் கையில் கொடுத்துப் பொறுமையாகக் கேட்டால்தான் தெரியவரும். சாப்பிட்டவுடன் குடிக்கும் தேநீரையோ யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அந்தத் தேநீர் முக்கியமானது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தேநீரிலுள்ள பாலிபீனால்கள் என்ற வேதிப்பொருள்கள் தடுக்கின்றன. எலுமிச்சை, நெல்லிக்காயிலுள்ள விட்டமின் சி, அந்த இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகிறது. ஆகவே உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவதும், பருப்பில் எலுமிச்சை பிழிவதும் அதிகச் செலவில்லாத நல்ல வழிகள். பாதாமும் ஆப்பிளும் வாங்கச் சொல்லும் அறிவுரை, வாடகைக்கே திணறும் குடும்பத்துக்கு உதவாது என்று உறுதியாக நம்புகிறேன்.

பாடத்தில் வந்த ஒரு வரலாறு எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. இன்று ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918இல் நம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய, பெரிபெரி என்னும் நோய் பற்றிய ஆய்விலிருந்து வளர்ந்தது. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு தயாமின் என்ற விட்டமின் பி1 போய்விடுவதால், தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பி வாழ்பவர்களுக்கு அந்த நோய் வருகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, தவிட்டிலுள்ள தயாமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுங்கலரிசியின் சிறப்பு அதுதான். பச்சரிசிக்கு மாறிவிட்ட வீடுகளில் இதை எடுத்துச் சொல்லி வருகிறேன். அரிசியைப் பலமுறை அலசுவதும், வடித்த கஞ்சியைக் கொட்டுவதும் எஞ்சிய சத்தையும் குறைக்கின்றன என்பதால், சமையல் முறையையும் இப்போது கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

கேழ்வரகைப் பற்றியும் சொல்ல வேண்டும். 100 கிராமில் ஏறத்தாழ 360 மில்லிகிராம் கால்சியம் கொண்ட அந்தத் தானியம் மும்பைக் கடைகளில் நாச்ணி என்ற பெயரில் கிடைக்கிறது. பால் வாங்க முடியாத வீடுகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது நாச்ணி மாவில் காய்ச்சிய கூழைத்தான்.