பட்டியல் கேட்ட மாணவி

"டியூஷன் போகிற பிள்ளைகளுக்கெல்லாம் பட்டியல் கிடைக்கிறது மிஸ். எனக்கு மட்டும் ஏன் கதைப் புத்தகம்?"

இங்கே மொரீஷியஸில், பள்ளியிறுதித் தேர்வான ஹெச்.எஸ்.சி.யில் ஜெனரல் பேப்பர் என்ற ஆங்கிலக் கட்டுரைத் தாளுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவி, எங்கள் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டது இது. கட்டுரைக்கு உதவும் உயர்நிலை ஆங்கிலச் சொற்களின் பட்டியல் வேண்டுமாம். நான் தரவில்லை. வாசி, சொற்கள் தானாக வரும் என்றேன்.

காரணம் இருந்தது. பட்டியலை உருப்போட்டவர்களின் கட்டுரைகளை எத்தனையோ வருடமாகத் திருத்துகிறேன். சொல் பெரிதாக இருக்கும்; பக்கத்துச் சொல்லோடு ஒட்டாது. எது எதோடு சேரும், எங்கே வந்தால் மரியாதை, எங்கே வந்தால் குத்தல் என்பதெல்லாம் வாக்கியங்களுக்குள் பலமுறை பார்த்துப் பழக வேண்டியவை. இதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

ஆனால் அவளுக்கு அது பொருந்தியதா? நூற்றுக்கு 98 சொற்களாவது தெரிந்திருந்தால்தான் மீதியைச் சரியாக ஊகிக்க முடியும் என்கிறார் சொல் கற்றல் ஆய்வாளர் பால் நேஷன். நாவலோ நாளிதழோ அப்படி வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். நான் கொடுத்த புத்தகத்தில் அவளுக்கு வரிக்கு வரி தடுக்கியிருக்கும்.

லெக்ஸ்பிரெஸ் என்ற பிரெஞ்சு நாளிதழ் வாங்குகிற வீட்டுப் பிள்ளைகளின் நிலை வேறு. ஆங்கிலக் கல்விச் சொற்களில் பெரும்பகுதி லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்தவை. பிரெஞ்சில் ஏற்கெனவே பார்த்த சொல்லை அவர்கள் ஆங்கிலத்தில் சட்டென்று அடையாளம் கண்டுகொள்கிறார்கள். வாசித்தால் தானாக வரும் என்ற நம்பிக்கையே அவர்களைப் பார்த்து எனக்கு வந்ததோ என்னவோ. இவள் வீட்டில் கிரியோல் மட்டும்தான். பிரெஞ்சு பள்ளிப் பாடத்தோடு சரி.

மொழி ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட ஆங்கிலக் கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள்தான். கல்விசார் எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் அதற்குள் வந்துவிடும். காசு கட்டி டியூஷன் போக முடியாத பிள்ளைக்கு அது சின்ன உதவி இல்லை. ஆனாலும், பட்டியல் கையில் இருந்திருந்தால் அவள் புத்தகத்தைத் தொட்டிருப்பாளா? தேர்வு நெருங்கும்போது யார்தான் தொடுவார்கள்?

அவள் தேர்ச்சி பெற்றாள். எது கைகொடுத்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வகுப்புக்கு, யாரும் கேட்காமலே பட்டியலை நகலெடுத்துக் கொடுத்தேன். கொள்கை மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே தாங்கள் வாசித்ததிலிருந்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும் என்றேன். வாசிக்க, 2020இல் வகாஷியோ கப்பல் தரைதட்டி எண்ணெய் கசிந்ததைப் பற்றிய ஆங்கிலச் செய்திகளையே தொடர்ந்து கொடுத்தேன். ஒரே விஷயம் என்பதால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். நம் கடலில் நடந்தது என்பதால் ஊகிக்கவும் பிடி கிடைக்கும். சிலர் அழகாக எழுதி வருகிறார்கள். பலர் டிக்‌ஷனரியில் இருக்கிற வாக்கியத்தையே எழுதி வருகிறார்கள், அவர்களிடம் என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.